ஒப்பந்தம் இல்லாமல் மொபைல் நெட்: செலவைக் குறைக்க என்ன வழி?

கடலோடி (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். என் போன் ஒப்பந்தம் அடுத்த மாதத்தோடு முடிகிறது. "புதுப் போன் தருகிறோம், இன்னும் 24 மாதத்துக்குக் கையெழுத்துப் போடுங்கள்" என்று கம்பெனியிலிருந்து விடாமல் அழைக்கிறார்கள். இருக்கிற போனே எனக்கு நன்றாக ஓடுகிறது. இனிமேல் யாரோடும் வருடக்கணக்கில் கட்டிப்போட்டுக்கொள்ள வேண்டாம் என்று நினைக்கிறேன். தேவைப்படும்போது பணம் போட வேண்டும், தேவையில்லாத மாதத்தில் விட்டுவிட வேண்டும். அவ்வளவுதான்.

என் உபயோகத்தைச் சொல்லிவிடுகிறேன். வீட்டில் தனியாக பிராட்பேண்ட் இல்லை. லேப்டாப்புக்கும் போனின் ஹாட்ஸ்பாட்தான். வேலை விஷயமாக வாரத்தில் சில வீடியோ கால், இரவில் கொஞ்சம் படம், பகலில் பாட்டு, அப்புறம் வாட்ஸ்அப். கேள்வி இதுதான்: ப்ரீபெய்டில் அதிக ஜிபி தருகிற பேக்கைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துவிடலாமா? இல்லை, வேறு ஏதாவது பார்க்க வேண்டுமா?


எண்கணக்கன்

ஒப்பந்தம் லாபமா நஷ்டமா என்பதை ஒரே ஒரு கழித்தல் கணக்கில் தெரிந்துகொள்ளலாம். அவர்கள் சொல்லும் மாதக் கட்டணத்தை 24-ஆல் பெருக்குங்கள். முன்பணம் கேட்டால் அதையும் சேருங்கள். அதே அளவு டேட்டாவுக்குச் சிம் மட்டும் வாங்கினால் மாதம் என்ன ஆகும் என்று பார்த்து, அதையும் 24-ஆல் பெருக்கி முதல் தொகையிலிருந்து கழியுங்கள். மிச்சம் நிற்பதுதான் அந்த "இலவச" போனின் விலை. அதே போன் வெளியில் என்ன விலைக்குக் கிடைக்கிறது என்று பக்கத்தில் எழுதிப் பார்த்தால் பதில் தெரிந்துவிடும். போன் தனி, இணைப்பு தனி. இரண்டையும் ஒரே பில்லில் கலந்துவிட்டால் எதற்கு எவ்வளவு கொடுக்கிறோம் என்பது கண்ணுக்குத் தெரியாது.

உங்களுக்கு அவசரமாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. ஒப்பந்தக் காலம் முடிந்தால் கட்டணம் தானாகக் குறையும் என்று இருந்துவிடாதீர்கள். பல கம்பெனிகளில் போனுக்கான தவணை முடிந்த பிறகும் பழைய தொகையே போய்க்கொண்டிருக்கும். நீங்களாக எழுதிக் கொடுத்தால்தான் நிறுத்துவார்கள். முன்கூட்டியே எத்தனை நாளுக்குள் அறிவிக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தாளில் இருக்கும், இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.

அதிக ஜிபி பேக் பற்றி: ஒரு ஜிபி என்ன விலை என்று பார்த்துத்தான் எல்லோரும் வாங்குகிறார்கள். என் கணக்கில் அது தவறான கேள்வி. தீர்க்காமல் காலாவதியாகிற ஜிபிக்கும் சேர்த்துத்தான் பணம் கொடுக்கிறோம். 100 ஜிபி பேக்கில் 30 ஜிபிதான் தீர்கிறது என்றால் ஜிபி விலை மூன்று மடங்குக்கும் மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் உங்கள் உபயோகம் எவ்வளவு என்று தெரிய வேண்டும்.

அப்புறம், "மாத பேக்" என்று சொல்லி 28 நாள் வேலிடிட்டி கொடுப்பது பரவலாக இருக்கிறது. 28-ஐ 13-ஆல் பெருக்கினால் 364. ஆக வருடத்துக்கு 12 இல்லை, 13 ரீசார்ஜ். இரண்டு பேக்கை ஒப்பிடும்போது மாத விலையை வைத்து ஒப்பிடாதீர்கள். வேலிடிட்டி நாளால் வகுத்து, ஒரு நாளைக்கு என்ன ஆகிறது என்று பாருங்கள்.


மின்மினி

எண்கணக்கன் சொன்ன "முதலில் அளந்து பாருங்கள்" என்பதை எப்படிச் செய்வது என்று நான் சொல்கிறேன்.

ஆண்ட்ராய்டு போன் என்றால் செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதிக்குள் டேட்டா யூசேஜ் இருக்கும். அதில் எந்த ஆப் எவ்வளவு இழுத்தது என்று வரிசையாகக் காட்டும். சைக்கிள் ஆரம்பிக்கும் தேதியை உங்கள் ரீசார்ஜ் தேதிக்கு மாற்றிவிடுங்கள். 28 நாள் பேக் போடுகிறவர்கள் ஒவ்வொரு தடவையும் இந்தத் தேதியை நகர்த்த வேண்டும், ஏனென்றால் போன் காலண்டர் மாதத்தைத்தான் எண்ணும். ஐபோனில் மொபைல் டேட்டா பக்கத்தின் அடியில் ரீசெட் பட்டன் இருக்கிறது. அதை நாமே அழுத்தினால்தான் கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்கும். வாங்கிய நாளிலிருந்து அழுத்தாமல் வைத்திருப்பவர்களுக்கு அங்கே தெரியும் எண்ணால் பிரயோஜனம் இல்லை.

அந்தப் பட்டியலில் ஹாட்ஸ்பாட் தனி வரியாக வரும். அதை நன்றாகப் பாருங்கள் கடலோடி. போனுக்கு இது மொபைல் டேட்டா, அதனால் அடக்கி வாசிக்கும். லேப்டாப்புக்கோ இது சும்மா ஒரு வைஃபை. விண்டோஸ் அப்டேட், கிளவுட் சிங்க், கேம் அப்டேட் எல்லாம் தாராளமாக ஓடும். விண்டோஸில் அந்த வைஃபையின் பிராப்பர்டீஸுக்குள் போய் "மீட்டர்டு கனெக்‌ஷன்" என்பதை (டேட்டாவுக்கு அளவு உண்டு என்று லேப்டாப்புக்குச் சொல்வது) ஆன் செய்யுங்கள். மேக்கில் அதே இடத்தில் லோ டேட்டா மோட் இருக்கும். இது ஒன்றைச் செய்தாலே பெரிய ஓட்டை அடைபடும்.

ஒரு வாரம் எதையும் மாற்றாமல் வழக்கம்போல் உபயோகித்துவிட்டு அந்தப் பட்டியலை இங்கே போடுங்கள். அதற்கு முன் எந்த பேக் என்று பேசுவதில் அர்த்தமில்லை.


பழைய ரேடியோ

இவ்வளவு கணக்குப் பார்த்து வாழ வேண்டுமா? அன்லிமிடெட் பேக் ஒன்று எடுத்துப் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாமே. எம்பி எம்பியாக எண்ணிக்கொண்டு இருப்பதற்கும் ஒரு விலை இருக்கிறது. நான் அன்லிமிடெட்தான் போடுகிறேன், ஒரு தொந்தரவும் இல்லை.


எண்கணக்கன்

ரேடியோ ஐயா, உங்கள் பேக்கில் வேக வரம்பு எங்கே ஆரம்பிக்கிறது என்று பார்த்தீர்களா? அன்லிமிடெட் என்று எழுதியிருக்கும். கீழே சின்ன எழுத்தில் இத்தனை ஜிபிக்குப் பிறகு வேகம் குறையும் என்றும் எழுதியிருக்கும். எவ்வளவாகக் குறையும் என்பதுதான் உயிர்நாடி.

64 கேபிபிஎஸ் என்று குறைத்தால், 1 எம்பி போட்டோ ஒன்று இறங்க 2 நிமிடத்துக்கு மேல் ஆகும். 1 ஜிபி தீர்க்க வேண்டுமென்றால் இடைவிடாமல் கிட்டத்தட்ட 35 மணி நேரம் ஓட வேண்டும். அந்த வேகத்தில் வாட்ஸ்அப்பில் எழுத்துச் செய்தி மட்டும்தான் போகும். அதுவே 1 எம்பிபிஎஸ் (1000 கேபிபிஎஸ்) ஆகக் குறைத்தால் கதை வேறு. வரைபடம், மெயில், பாட்டு, சுமாரான தரத்தில் வீடியோ எல்லாம் ஓடும். பெயரில் இரண்டும் அன்லிமிடெட்தான். இரண்டாவதை நானே சிபாரிசு செய்வேன், முதலாவதற்குக் கூடுதல் பணம் கொடுக்கவே கூடாது.

கேபிபிஎஸ் என்பது கிலோபிட். கிலோபைட் வேண்டுமென்றால் 8-ஆல் வகுக்க வேண்டும். விளம்பரத்தில் வேகம் பிட்டிலும் டேட்டா பைட்டிலும் வருவதால் நிறையப் பேர் இங்கேதான் குழம்புகிறார்கள்.


பழைய ரேடியோ

சரி, போய்ப் பார்த்தேன். என் பேக்கில் 2 எம்பிபிஎஸ் என்று போட்டிருக்கிறது. அதனால்தான் எனக்கு வித்தியாசமே தெரியவில்லை போலிருக்கிறது. நீங்கள் சொல்வது நியாயம். எல்லா அன்லிமிடெட்டும் ஒன்றில்லை. ஆனால் என் பேச்சையும் முழுதாகத் தள்ளிவிடாதீர்கள். வீட்டில் பிராட்பேண்ட் இல்லாதவருக்கு இந்த மாதிரி பேக் இருந்தால் அதுதான் மலிவு.


சிக்னல் தேடி

ஹாட்ஸ்பாட் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. சில அன்லிமிடெட் பேக்குகளில் போனுக்குள் உபயோகித்தால்தான் அன்லிமிடெட். ஹாட்ஸ்பாட்டுக்குத் தனி வரம்பு இருக்கும், அல்லது அனுமதியே இருக்காது. லேப்டாப்பிலிருந்து வரும் பாக்கெட் (டேட்டாத் துண்டு) போன் வழியாகப் போகும்போது அதன் டிடிஎல் எண் (இன்னும் எத்தனை கருவியைத் தாண்டலாம் என்ற எண்ணிக்கை) ஒன்று குறையும், அதை வைத்தே கம்பெனிக்குத் தெரிந்துவிடும். அதை மறைக்க வழி சொல்லும் வீடியோக்களைப் பார்த்து முயற்சி செய்யாதீர்கள். விதிமீறல் என்று இணைப்பை நிறுத்தினால் எண்ணும் சேர்ந்து போகும். விதிமுறைப் பக்கத்தில் "டெதரிங்" (போனின் நெட்டை வேறு கருவிக்குப் பகிர்வது) என்ற சொல்லைத் தேடிப் படித்துவிட்டு வாங்குங்கள்.

அடுத்தது, சொந்த டவர் இல்லாத சின்னக் கம்பெனிகள். பெரிய கம்பெனியின் டவரை மொத்தமாக வாடகைக்கு எடுத்து நமக்குச் சில்லறையில் விற்பார்கள். ஒப்பந்தம் கேட்பது குறைவு, விலையும் குறைவு. டவர் ஒன்றே என்பதால் சிக்னல் கட்டம் அதே அளவு காட்டும். ஆனால் நெரிசல் நேரத்தில் பெரிய கம்பெனியின் சொந்த வாடிக்கையாளருக்கு முன்னுரிமை கொடுத்து, இவர்களைப் பின்னால் நிறுத்தும் வழக்கம் பல இடங்களில் உண்டு. அதனால் காலையில் சோதித்துவிட்டு "ஆகா என்ன வேகம்" என்று முடிவு செய்யாதீர்கள். இரவு எட்டு ஒன்பது மணிக்கு, உங்கள் வீட்டுக்குள், நீங்கள் உட்காரும் இடத்திலிருந்து சோதியுங்கள். விஓஎல்டிஇ (4ஜி வழியாகவே குரல் அழைப்பு), வைஃபை காலிங் (வைஃபை வழியாக அழைப்பு) இரண்டும் உண்டா என்றும் கேளுங்கள். சில சின்னக் கம்பெனிகளில் இவை இருக்காது.


தாழைமடல்

நான் நேர் எதிர்ப் பக்கத்திலிருந்து பேசுகிறேன். மாதம் ஒரு ஜிபி கூடத் தீர்க்காதவர்களும் இருக்கிறார்கள். என் அம்மா அப்படித்தான். வாட்ஸ்அப்பில் பேரப்பிள்ளைகள் படம் பார்ப்பார், எப்போதாவது பேசுவார். அவருக்குக் கடையில் எடுத்துக் கொடுத்தது தினம் 2 ஜிபி பேக்! நாள் முடிந்தால் மிச்சம் போய்விடும், மறுநாள் மறுபடி 2 ஜிபி வரும். அதில் பெரும்பகுதி அவருக்கு எந்தக் காலத்திலும் பயன்படாது.

அவருக்கு நான் மாற்றிக் கொடுத்தது கொஞ்சம் டேட்டாவும் நீண்ட வேலிடிட்டியும் உள்ள பேக். இப்படிப்பட்டவர்களுக்குத் தேவை நாட்கள்தான், ஜிபி இல்லை. எனக்கு இதில் கோபமே உண்டு. வயதானவர்களுக்கு விற்கும்போது "எதற்கு உபயோகிப்பீர்கள்" என்று யாருமே கேட்பதில்லை.

ஆனால் ஒரு விஷயத்தில் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். ப்ரீபெய்ட் எண்ணை நீண்ட நாள் ரீசார்ஜ் செய்யாமல் விட்டால் கம்பெனி அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். கொஞ்ச காலம் கழித்து வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடும். வங்கி ஓடிபி, மெயில் மீட்பு எல்லாம் அந்த எண்ணுக்குப் போய்க்கொண்டிருந்தால் நினைத்துப் பாருங்கள். "தேவையில்லாத மாதம் விட்டுவிடலாம்" என்று கடலோடி எழுதியிருப்பதைப் பார்த்துத்தான் சொல்கிறேன். ஓடிபி வரும் எண்ணை அப்படி விடக் கூடாது. அதற்குக் குறைந்தபட்ச பேக் போட்டு உயிரோடு வைத்துவிட்டு, நெட்டுக்கு இரண்டாவது சிம் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சிம்மை எப்போது வேண்டுமானாலும் விடலாம், மாற்றலாம்.


மின்மினி

தாழைமடல் சொன்ன இரண்டு சிம் முறைதான் எனக்கும் சரியென்று படுகிறது. இப்போது பெரும்பாலான போனில் இரண்டு சிம் போடலாம், அல்லது ஒரு சிம்மோடு ஒரு இசிம் (அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே இருக்கும் சிம்). செட்டிங்ஸில் மொபைல் டேட்டாவுக்கு எந்தச் சிம் என்று தேர்வு செய்யும் இடத்தில், தேவைப்பட்டால் மற்ற சிம்முக்குத் தானாக மாறும் வசதி ஒன்று இருக்கும். அதை ஆஃப் செய்துவிடுங்கள். இல்லையென்றால் சிக்னல் குறைந்த இடத்தில் பேக் இல்லாத சிம்மிலிருந்து டேட்டா ஓடி, மெயின் பேலன்ஸைத் தின்றுவிடும். பேக் முடிந்தபின் எம்பிக்கு இவ்வளவு என்று வெட்டும் கட்டணம் எங்குமே அதிகம்தான். அதனால் டேட்டா பேக் போடாத சிம்மில் மெயின் பேலன்ஸ் பெரிதாக வைத்திருக்காதீர்கள்.


கடலோடி

மிக்க நன்றி. எல்லாவற்றையும் படித்தேன். மின்மினி சொன்னபடி கவுண்டரை ரீசெட் செய்து ஒரு வாரம் விட்டுப் பார்த்தேன். பட்டியல் இதோ, பெரியதிலிருந்து சின்னது:

ஹாட்ஸ்பாட். மொத்தத்தில் பாதிக்கு மேல் இதுவே.
யூடியூப்.
போட்டோ பேக்கப்.
இன்ஸ்டாகிராம்.
வாட்ஸ்அப்.
நெட்ஃப்ளிக்ஸ்.
மற்றவை எல்லாம் சேர்த்தும் வாட்ஸ்அப் அளவுக்கு இல்லை.

நெட்ஃப்ளிக்ஸ் இவ்வளவு கீழே இருக்கிறது, ஏனென்றால் படத்தை லேப்டாப்பில்தான் பார்க்கிறேன். அது ஹாட்ஸ்பாட்டில் சேர்ந்துவிட்டது. யூடியூப் எப்படி இரண்டாம் இடம் என்று யோசித்தால், பாட்டெல்லாம் அதில்தான் கேட்கிறேன்.


மின்மினி

பட்டியல் கைக்கு வந்துவிட்டது, இனி பேசலாம். மேலிருந்து எடுத்துக்கொள்வோம்.

படம்: நெட்ஃப்ளிக்ஸ் தன் உதவிப் பக்கத்தில் சொல்லும் கணக்கு, எச்டி தரத்தில் மணிக்கு 3 ஜிபி வரை, 4கே என்றால் 7 ஜிபி வரை, மிகக் குறைந்த தரத்தில் 0.3 ஜிபி வரை. அதாவது தரத்தை மட்டும் மாற்றினால் பத்து மடங்கு வித்தியாசம். லேப்டாப் திரைக்கு நடுத்தரம் போதும். அக்கவுண்டில் ப்ளேபேக் செட்டிங்ஸ் என்று இருக்கும், "ஆட்டோ" என்பதிலிருந்து "மீடியம்" ஆக மாற்றுங்கள். ஆட்டோ என்று விட்டால் நெட் எவ்வளவு வேகமோ அவ்வளவு தரத்துக்கு அதுவாக ஏறும். 5ஜிக்கு மாறியவர்கள் "டேட்டா சீக்கிரம் தீர்கிறது" என்று சொல்வதற்குக் காரணம் இதுவே. அதே படம்தான், வேகம் கிடைத்ததால் கூடுதல் தரத்தில் இறங்குகிறது.

பாட்டு: இங்கேதான் உங்களுக்குப் பெரிய மிச்சம். பாட்டு ஆப்பில் 96 கேபிபிஎஸ் தரத்தில் ஒரு மணி நேரம் கேட்டால் 43 எம்பி. 320 தரத்தில் கேட்டாலும் 144 எம்பிதான். யூடியூபில் கேட்கும்போது பார்க்காத வீடியோவையும் சேர்த்து இறக்குகிறீர்கள். அடிக்கடி கேட்கும் பாட்டை ஒரு முறை எங்காவது வைஃபையில் இறக்கி வைத்துக்கொண்டால் அதுவும் பூஜ்யம். யூடியூபை விட மனமில்லை என்றால் வீடியோ குவாலிட்டி பிரிஃபரன்ஸில் மொபைல் நெட்வொர்க்குக்கு டேட்டா சேவர் வையுங்கள். முகப்பில் ஸ்க்ரோல் செய்யும்போது தானாக ஓடும் வீடியோவையும் "வைஃபையில் மட்டும்" என்று மாற்றுங்கள்.

போட்டோ பேக்கப்: அப்லோடும் டேட்டாதான் என்பது நிறையப் பேருக்குத் தெரியாது. நாம் எடுக்கிற ஒரு நிமிட வீடியோ நூற்றுக்கணக்கான எம்பி ஆகலாம், அது முழுவதும் மேலே போகிறது. பேக்கப்பை நிறுத்த வேண்டாம், போட்டோ முக்கியம். மொபைல் டேட்டாவில் வேண்டாம் என்று மட்டும் வையுங்கள். வாட்ஸ்அப் பேக்கப்புக்கும் இதே.

இன்ஸ்டாகிராம்: டேட்டா சேவர் உள்ளேயே இருக்கிறது. இந்த மாதிரி குட்டி வீடியோ ஆப் எல்லாம் நீங்கள் பார்ப்பதற்கு முன்னாலேயே அடுத்தடுத்த வீடியோவை இறக்கி வைத்துக்கொள்கிறது. பார்க்காததற்கும் டேட்டா போகிறது.


எண்கணக்கன்

வீடியோ காலை விட்டுவிட்டீர்களே. ஜூம் தரும் கணக்கில், இருவர் பேசும் 720பி காலுக்கு மேலே (அனுப்புவது) 1.2 எம்பிபிஎஸ், கீழே (இறக்குவது) 1.2 எம்பிபிஎஸ். இரண்டும் சேர்த்து மணிக்கு 1 ஜிபியைத் தாண்டும். குரல் மட்டும் என்றால் ஒரு மணி நேரத்துக்கு 100 எம்பிக்குள் முடிந்துவிடும். கூட்டத்தில் நீங்கள் பேசாத நேரம் கேமராவை அணைத்து வைத்தால் மேலே போகும் பாதி மிச்சம். எச்டி வீடியோ என்ற டிக்கையும் எடுத்துவிடுங்கள்.


வெயில்நிழல்

இழையை அமைதியாகப் படித்துக்கொண்டிருந்தேன், ஒன்று சேர்க்கிறேன். ஐபோன் வைத்திருப்பவர்கள் மொபைல் டேட்டா பக்கத்தில் ஆப் பட்டியலைத் தாண்டி அடிவரை இறங்கிப் பாருங்கள். "வைஃபை அசிஸ்ட்" என்று இருக்கும். 2015-இல் ஐஓஎஸ் 9-ஓடு வந்தது, ஆரம்பத்திலேயே ஆன் ஆகித்தான் இருக்கும். வைஃபை பலவீனமாக இருந்தால் சொல்லாமல் மொபைல் டேட்டாவுக்குத் தாவும். எவ்வளவு தாவியது என்று அதன் கீழேயே எண் காட்டும். ஒரு நண்பரின் போனில் அந்த எண்ணைப் பார்த்தோம். அவர் வீட்டு வைஃபையில்தான் படம் பார்ப்பதாக நினைத்துக்கொண்டிருந்தார். படுக்கையறையில் வைஃபை எட்டவில்லை, மாதாமாதம் அவர் கூடுதல் பேக் போட்டதற்குக் காரணம் அதுதான்.

ஆண்ட்ராய்டிலும் இதே வசதி வேறு வேறு பெயரில் பல போனில் இருக்கிறது. வைஃபை செட்டிங்ஸுக்குள் தேடுங்கள்.


தாழைமடல்

பிரவுசர் பற்றி யாரும் பேசவில்லை. குரோமில் முன்பு லைட் மோட் என்று ஒன்று இருந்தது, பக்கத்தைச் சுருக்கித் தரும். 2022-இல் அதை எடுத்துவிட்டார்கள். பழைய கட்டுரைகளில் இன்னும் அதை ஆன் செய்யச் சொல்கிறார்கள், தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். ஓபரா மினி இன்னும் தன் சர்வரில் சுருக்கித்தான் அனுப்புகிறது, மெதுவான நெட்டுக்கு நல்ல துணை. ஆனால் நடுவில் ஒரு சர்வர் இருக்கிறது என்பதால் வங்கி வேலைக்கு நான் அதை உபயோகிக்க மாட்டேன். ஆண்ட்ராய்டில் ஃபயர்ஃபாக்ஸ் போட்டு யூபிளாக் ஆரிஜின் என்ற விளம்பரத் தடுப்பைச் சேர்த்தால் விளம்பர வீடியோவெல்லாம் இறங்குவதே இல்லை. செய்தித் தளங்களில் வித்தியாசம் கண்கூடாகத் தெரியும்.

வெளியூர் போகிறவர்கள் வரைபடத்தை முன்கூட்டியே வைஃபையில் இறக்கிக்கொள்ளுங்கள். கூகுள் மேப்ஸில் ஆஃப்லைன் மேப் என்று இருக்கிறது.


கடலோடி

படத் தரம், பாட்டு, பேக்கப் மூன்றையும் மாற்றிவிட்டேன். லேப்டாப்பில் மீட்டர்டும் போட்டாயிற்று. இன்னொரு வாரம் அளந்து பார்த்ததில் மொத்தம் பாதிக்கும் கீழே வந்துவிட்டது, நான் பார்ப்பதிலோ கேட்பதிலோ எதையும் குறைக்காமலே. இப்போது நான் முதலில் நினைத்த பெரிய பேக் எனக்குத் தேவையே இல்லை.

அடுத்த சந்தேகம். லேப்டாப்புக்குத் தனியாக டேட்டா சிம்மும் பாக்கெட் ரவுட்டரும் (சிம் போட்டால் வைஃபை தரும் சின்னக் கருவி) வாங்கலாமா? போன் பேட்டரி ஹாட்ஸ்பாட்டில் சூடாகி வேகமாக இறங்குகிறது.


சிக்னல் தேடி

டேட்டா சிம் நல்ல யோசனைதான். குரல் அழைப்பு இல்லாததால் பல இடங்களில் விலை குறைவு. ஆனால் ரவுட்டரை வாங்கும் முன் யோசியுங்கள். மலிவாக வரும் பாக்கெட் ரவுட்டர்கள் பெரும்பாலும் எல்டிஇ கேட்டகரி 4, அதாவது 4ஜியில் ஆரம்ப நிலை வகை. காகிதத்தில் 150 எம்பிபிஎஸ். இரண்டு அலைவரிசையைச் சேர்த்து உபயோகிக்கும் வசதி அதில் இல்லை. மேசை டிராயரில் கிடக்கும் இரண்டு மூன்று வருடப் பழைய போன் அதைவிட நன்றாக இழுக்கும். வீட்டில் பழைய போன் இருந்தால் டேட்டா சிம்மை அதில் போட்டு, அதையே ரவுட்டராக வைத்துக்கொள்ளுங்கள். செலவு பூஜ்யம். சிம் மாற்றியதும் நெட் வரவில்லை என்றால் பதறாதீர்கள், ஏபிஎன் (கம்பெனியின் நெட்டோடு போன் சேர்வதற்கான செட்டிங்) சரியாக ஏறியிருக்காது. கம்பெனி தளத்தில் இருப்பதைப் பார்த்து எழுதினால் வந்துவிடும். சில டேட்டா சிம் போனில் வேலை செய்யாதபடி பூட்டியிருப்பார்கள், அதை மட்டும் கேட்டு வாங்குங்கள்.

வைக்கும் இடம் மிக முக்கியம். சிக்னல் கட்டங்களை நம்பாதீர்கள். ஆண்ட்ராய்டில் "அபௌட் போன்" உள்ளே சிம் ஸ்டேட்டஸில் சிக்னல் டிபிஎம் (சிக்னல் வலிமையின் அலகு) கணக்கில் தெரியும். எண்ணுக்கு முன்னால் மைனஸ் இருப்பதால், பூஜ்யத்துக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறதோ அவ்வளவு நல்லது. 4ஜியில் மைனஸ் 80, 90 என்றால் அருமை. மைனஸ் 110-ஐத் தாண்டினால் கஷ்டம். போனைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஜன்னலாக நின்று, எண் அடங்கும் வரை சில நொடி பொறுத்துப் பாருங்கள். ஒரே அறையில் சுவரோரத்துக்கும் ஜன்னல் விளிம்புக்கும் 10, 15 டிபி வித்தியாசம் வருவது சாதாரணம். 10 டிபி என்றால் பத்து மடங்கு சக்தி. வெயில் நேராக விழும் ஜன்னல் மட்டும் வேண்டாம், சூட்டில் போன் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

இரவும் பகலும் சார்ஜரில் மாட்டியே வைத்தால் பேட்டரி உப்பலாம். போனில் 80 சதவீதத்தோடு நிறுத்தும் வசதி இருந்தால் போடுங்கள். இல்லையென்றால் உபயோகிக்கும்போது மட்டும் மாட்டுங்கள். பின்பக்க மூடி கொஞ்சமாவது மேலே எழும்பியிருந்தால் அந்தப் போனை அன்றோடு நிறுத்திவிட வேண்டும், இதில் விளையாட்டு வேண்டாம்.


வெயில்நிழல்

வெளிநாட்டிலிருந்து வாங்கி வந்த போன், ரவுட்டர் என்றால் அலைவரிசை பொருந்துகிறதா என்றும் பார்க்க வேண்டும். 700, 800, 900 மெகாஹெர்ட்ஸ் மாதிரி தாழ்ந்த அலைவரிசைதான் சுவரைத் தாண்டி உள்ளே வரும். கருவியில் அது இல்லையென்றால் வெளியே வேகமாக இருந்து வீட்டுக்குள் செத்துப்போகும்.


பழைய ரேடியோ

கடலோடி, ஒப்பந்தத்தில் வாங்கிய போன் வேறு கம்பெனி சிம்மை ஏற்றுக்கொள்கிறதா என்று சோதித்தீர்களா? பூட்டு இருந்தால், தவணை முடிந்த கையோடு திறந்து தரச் சொல்லிக் கேளுங்கள். ஐஎம்இஐ எண் (போனின் தனி அடையாள எண்) கேட்பார்கள், *#06# அடித்தால் திரையில் வரும்.


கடலோடி

சோதித்தேன் ஐயா, நண்பரின் சிம்மைப் போட்டதும் வேலை செய்தது. பூட்டு இல்லை.

கடைசியாக ஒன்று. என் எண் பல வருடமாக எல்லோரிடமும் இருக்கிறது. ஒப்பந்தத்தை முடித்துவிட்டுப் புதுக் கம்பெனிக்கு அந்த எண்ணைக் கொண்டுபோக எந்த வரிசையில் செய்ய வேண்டும்?


எண்கணக்கன்

முதலில் ரத்து செய்யவே கூடாது. ரத்தான எண்ணைப் பொதுவாகக் கொண்டுபோக முடியாது. எண் உயிரோடு இருக்கும்போதே புதுக் கம்பெனியிடம் மாற்றக் கேட்க வேண்டும். மாறியதும் பழைய இணைப்பு தானாக மூடிக்கொள்ளும்.

என் வரிசை இது. புதுக் கம்பெனியின் சிம் ஒன்றை வேறு எண்ணில், இருப்பதிலேயே சின்ன பேக்கோடு வாங்குங்கள். சிக்னல் தேடி சொன்னபடி இரவு நேரத்தில், வீட்டுக்குள் சோதியுங்கள். வேலை விஷயமாக அடிக்கடி போகும் இடத்திலும் பாருங்கள். திருப்தியாக இருந்தால் ஒப்பந்தம் முடியும் தேதியையும் முன்னறிவிப்பு நாளையும் வைத்துக் கணக்குப் பார்த்து, முடிவுத் தேதிக்கு முன்னால் மாறிவிடாதபடி விண்ணப்பியுங்கள். ஒரு நாள் முன்னால் மாறினாலும் பாக்கிக் கட்டணம் கேட்க வாய்ப்பிருக்கிறது. சில மணி நேரம் எண் வேலை செய்யாமல் போகலாம், அன்றைக்கு வங்கி வேலை எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள். பழைய கணக்கின் கடைசி பில்லைப் பிடிஎஃபாக இறக்கி வைத்துக்கொண்டு, வங்கியில் தானாகப் பணம் எடுக்கும் அனுமதி கொடுத்திருந்தால் அந்த பில் தீர்ந்ததும் அதையும் ரத்து செய்யுங்கள்.


தாழைமடல்

அந்தச் சோதனைச் சிம்மையே பிறகு டேட்டா சிம்மாக வைத்துக்கொள்ளலாம், தூக்கிப் போட வேண்டாம். புதுக் கம்பெனி ஆட்டோ ரினியூவலை (தானாக ரீசார்ஜ் ஆவதை) முன்கூட்டியே டிக் செய்து வைத்திருக்கலாம். வேண்டும்போது மட்டும் போடுவதுதான் உங்கள் எண்ணம் என்றால் டேட்டா சிம்மில் அதை எடுத்துவிடுங்கள். ஓடிபி வரும் எண்ணில் மட்டும் அது இருக்கட்டும்.


கடலோடி

புரிந்தது. சோதனைச் சிம்மை இன்றே வாங்குகிறேன், முன்னறிவிப்பு நாளையும் ஒப்பந்தத்தாளில் பார்த்துவிட்டேன், இன்னும் நேரம் இருக்கிறது. எண் மாறியதும் இங்கே வந்து எழுதுகிறேன்.